ஓர் அங்குல வீரனும் ஒளியின் கணக்கும்

பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா 1844-ஆம் ஆண்டில் எழுதிய ‘மூன்று மஸ்கெட்டியர்கள்’ என்ற வீரக் கதையில் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. லா ரோஷெல் என்னும் கடற்கரை நகரை பிரெஞ்சு மன்னரின் படை முற்றுகையிட்டிருக்கிறது. இரு தரப்புக்கும் நடுவே பாழடைந்த கொத்தளம் ஒன்று. “அதற்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காலை உணவு உண்டுவிட்டு வருகிறோம், பார்க்கலாமா?” என்று நான்கு நண்பர்கள் பந்தயம் கட்டுகிறார்கள். அதோஸ், போர்த்தோஸ், அராமிஸ், தார்த்தன்யான் என்பவை அவர்கள் பெயர்கள். எதிரிகள் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நண்பர்களோ உணவுத் துண்டு ஒன்றைக் கொடியாக உயர்த்திவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்கிறார்கள். குண்டுகள் துண்டைத் துளைக்கின்றன!

இந்தக் காட்சியைப் படித்தவர்களில் சிலருக்குப் படிப்பதோடு மனம் அடங்குவதில்லை. அந்தக் கொத்தளத்தையும் நான்கு வீரர்களையும் மேசைமேல் நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். வெள்ளீயக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த சிற்றுருவங்களை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் தூரிகையால் வண்ணம் பூசி, பகடை உருட்டி, அளவுநாடாவால் தூரம் அளந்து, போர் விளையாட்டு ஆடுகிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரியவர்களே ஈடுபட்டு ஆடும் பொழுதுபோக்கு இது.

இதில் அறிவியலுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நிறையவே இருக்கிறது. அதை நான் ஒரு தோல்வியின் மூலமாகவே தெரிந்துகொண்டேன்.

கதாசிரியர்களின் விளையாட்டு

முதலில் சிறிது வரலாறு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிப்பதற்காக நிலப்படத்தின்மேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்று உருவாயிற்று. பின்னர் அது பயிற்சிக் கூடத்திலிருந்து வீட்டுக்குள் வந்தது. ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1880-களின் தொடக்கத்தில் உடல்நலம் தேறுவதற்காக சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் தங்கியிருந்தபோது, தம் வளர்ப்பு மகனோடு சேர்ந்து பொம்மைப் படைகளை மோதவிட்டு ஆடினார். ‘கால இயந்திரம்’ எழுதிய எச். ஜி. வெல்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்று, 1913-இல் ‘சின்னப் போர்கள்’ என்ற பெயரில் இதற்கான விதிகளை ஒரு நூலாகவே வெளியிட்டார். வீரக் கதைக்கும் பொம்மைப் படைக்கும் உள்ள உறவு பழையது என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

இன்று இந்தப் பொழுதுபோக்கில் பெருவழக்காக உள்ள சிற்றுருவம் ஏறத்தாழ 28 மி.மீ. உயரம் உடையது. அதாவது ஓர் அங்குலத்தைவிடச் சற்றே அதிகம். 170 செ.மீ. உயரமுள்ள மனிதனை 60 மடங்கு சுருக்கினால் இந்த அளவு கிடைக்கும். இந்த 60 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கட்டுரை முழுவதும் இது நம்மோடு வரப்போகிறது.

கரிக்கட்டையான மஸ்கெட்டியர்

வெளிநாட்டில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், என் நாவல் மோகத்தை அறிந்து, நான்கு மஸ்கெட்டியர் உருவங்களை அனுப்பியிருந்தார். நான் இயற்பியல் ஆசிரியன் அல்லவா? எதையும் அளந்தே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு உண்டு. மஸ்கெட்டியர்களின் மேலங்கி நீல நிறமானது. அதன்மேல் வெள்ளி நிறச் சிலுவை இருக்கும். ஒரு கரு நீலத் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் நிறத்துக்குத் துளியும் பிசகாமல் வண்ணத்தைக் கலந்தேன். மேலங்கிக்கு அந்த நீலம், தொப்பிக்குப் பழுப்பு, கைகளுக்குத் தோல் நிறம் என்று பூசி முடித்து, புத்தக அலமாரியில் பெருமையோடு நிறுத்தினேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்த வேதியியல் துறை நண்பர் அலமாரியைப் பார்த்துவிட்டு, “அது என்ன சார், நான்கு கரிக்கட்டைகள்?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஓர் அடி தள்ளி நின்று பார்த்தபோது அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. நிறம் சரி, அளவு சரி. ஆயினும் உருவம் பொய்யாகத் தோன்றியது. எங்கே தவறினேன்? நான் செய்த பிழை இதுதான்: மனிதனைச் சுருக்கினால் எல்லாமே சேர்ந்து சுருங்கிவிடும் என்று நினைத்துவிட்டேன். உண்மையில் சில பொருள்கள் மிகுதியாகச் சுருங்குகின்றன. சில சுருங்கவே மறுக்கின்றன.

சுருங்கும் கணக்கு

நீளம் 60 மடங்கு குறைந்தால் பரப்பு 60 × 60, அதாவது 3,600 மடங்கு குறையும். கன அளவு 60 × 60 × 60, அதாவது 2,16,000 மடங்கு குறையும். 65 கிலோ எடையுள்ள ஒரு வீரனை அதே சதையும் எலும்புமாகச் சுருக்கினால் அவன் எடை வெறும் 0.3 கிராம்தான்!

தடிப்பைப் பாருங்கள். 25 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிப்பும் உள்ள வாளைச் சுருக்கினால் அகலம் 0.4 மி.மீ.; தடிப்பு 0.08 மி.மீ. இது எழுதும் தாளைவிட மெல்லியது. தொட்டாலே மடங்கிவிடும். ஆகவே உருவத்தை வடிக்கும் சிற்பி வாளையும் கைகளையும் வேண்டுமென்றே பருமனாக்குகிறார். இது பிழையன்று, உலோகத்தின் வலிமைக்கு அவர் தரும் மரியாதை.

இதே கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். நீங்கள் பூசும் வண்ணம் ஒரு தாளின் தடிப்புக்கு, அதாவது 0.1 மி.மீ. அளவுக்குப் படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீரனின் அளவில் அது 6 மி.மீ.! முகத்தில் 6 மி.மீ. தடிப்புக்குச் சாந்து பூசிக்கொண்டால் மூக்கும் உதடும் என்னவாகும்? அதனால்தான் அனுபவசாலிகள் வண்ணத்தை நீர் சேர்த்து இளக்கி, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசுகிறார்கள்.

சுருங்காத கண்

இனி, சுருங்க மறுப்பவற்றைப் பார்ப்போம். முதலாவது நம் கண்.

28 மி.மீ. உருவத்தை 1 மீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பதும், உண்மையான மனிதனை 60 மீட்டர் தொலைவில் பார்ப்பதும் கோண அளவில் ஒன்றே. பள்ளி மைதானத்தின் ஒரு கோடியில் நின்று மறு கோடியில் நிற்கும் நண்பனைப் பாருங்கள். அவன் கண்ணின் கருமணி தெரிகிறதா? தெரியாது. நல்ல பார்வையுள்ள கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 1 மீட்டர் தொலைவில் இது 0.3 மி.மீ. நீளத்துக்குச் சமம். சிற்றுருவத்தின் கருமணியோ 0.2 மி.மீ.தான். ஆகவே கண்ணுக்குள் புள்ளி வைக்க முயன்று, முறைத்துப் பார்க்கும் ஆந்தை முகத்தை உருவாக்குவதைவிட, புருவத்தின் கீழ் ஒரு கருங்கோடு இழுப்பதே இயற்கைக்கு நெருக்கமானது.

மேலங்கியின் மடிப்புகள் அரை மில்லி மீட்டர் அகலம் உள்ளவை. அவை கண்ணின் எல்லைக்குச் சற்று மேலே இருக்கின்றன. இந்த எல்லையை நெருங்கும்போது கண்ணுக்கு ஒரு குறை உண்டு. பெரிய பரப்புகளில் மிகச் சிறிய ஒளி வேறுபாட்டையும் அது கண்டுபிடித்துவிடும். நுண்ணிய கோடுகளிலோ வேறுபாடு மிகுதியாக இருந்தால்தான் காணும். ஆகவே மடிப்பின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாட்டை நாமாக மிகைப்படுத்திக் காட்ட வேண்டும்.

என் நீலம் ஏன் கரியாயிற்று என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நிறத்தை உணரும் கூம்பு செல்கள் நம் விழித்திரையில் மூன்று வகை. அவற்றில் நீல ஒளிக்கான கூம்புகள் மிகக் குறைவு. நாம் உற்று நோக்கும்போது பிம்பம் விழுகின்ற விழித்திரைக் குழியின் நட்ட நடுவில் அவை அறவே இல்லை. 1 மீட்டர் தொலைவில் இந்த நடுப்பகுதிக்கு ஈடான அகலம் ஏறத்தாழ 6 மி.மீ. சிலுவையால் பிரிக்கப்பட்ட என் மேலங்கித் துண்டுகளும் ஏறக்குறைய அந்த அளவினவே! தையற்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கரு நீல நூலையும் கறுப்பு நூலையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்று சொல்வார்கள். துணியில் எடுப்பாக இருந்த நீலம், ஒரு துளிப் பரப்பில் கறுப்பாகிவிட்டது. ஆகவே துணியின் நீலத்தைவிட வெளிறிய நீலமே சிற்றுருவத்தில் நீலமாகத் தெரியும்.

அறைக்குள் வராத கதிரவன்

நண்பகல் வெயிலில் நிற்கும் மனிதன் மீது 1 லட்சம் லக்ஸ் அளவுக்கு ஒளி விழுகிறது. அவன் தொப்பியின் நிழல் விழும் இடத்துக்கோ அதில் ஐந்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான் கிடைக்கும். இந்த வேறுபாடுதான் மூக்கை மூக்காகவும் மடிப்பை மடிப்பாகவும் காட்டுகிறது. குழல் விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான். அதுவும் நீண்ட விளக்கிலிருந்தும் வெள்ளைச் சுவர்களிலிருந்தும் பல திசைகளில் வந்து விழுவதால் நிழல்கள் கரைந்துவிடுகின்றன. மேகமூட்டமான நாளில் மைதானத்தில் நிற்பவர்கள் தட்டையாகத் தெரிகிறார்களே, அதே நிலைதான். கொத்தளத்தில் காலை வெயிலில் உணவருந்திய வீரர்களை என் அறையின் நிரந்தர மேகமூட்டத்தில் நிறுத்திவிட்டேன்!

அப்படியானால் என்ன செய்வது? அறைக்குள் கதிரவனைக் கொண்டுவர முடியாது. ஆனால் வெயிலை வண்ணமாகப் பூச முடியும். உருவம் முழுவதற்கும் முதலில் கறுப்பு அடிப்பூச்சு கொடுத்து உலரவிடுகிறார்கள். பிறகு தலைக்கு மேலிருந்து வெள்ளை வண்ணத்தைத் தூவுகிறார்கள். பறந்து வரும் வண்ணத் துளிகள் ஒளிக்கதிர்களைப் போலவே ஏறத்தாழ நேர்கோட்டில் வருகின்றன. கதிரவன் தலைக்கு மேல் இருந்தால் எங்கெல்லாம் வெயில் படுமோ அங்கெல்லாம் வெள்ளை படிகிறது. தொப்பியின் கீழும் தாடைக்குக் கீழும் கறுப்பே எஞ்சுகிறது. ஒளியின் நேர்கோட்டுப் பண்பை வண்ணத் துளிகளைக் கொண்டு நடித்துக் காட்டும் அழகான உத்தி இது. இதன்மேல் மெல்லிய நீலத்தைப் பூசினால், வெயிலும் நிழலும் தாமாகவே அடியிலிருந்து தெரியும்.

கொடியாகப் பறந்த அந்த வெள்ளைத் துண்டை மறந்துவிடாதீர்கள். வெளியில் உள்ள நிழல் வெறும் கறுப்பன்று. நேர் வெயில் படாத இடத்துக்கும் நீல வானத்தின் ஒளி வந்து சேர்கிறது. ஆகவே வெண் துணியின் மடிப்புப் பள்ளங்களில் சிறிது நீலம் கலந்த சாம்பல் நிறமே பொருந்தும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. “தொலைவில் உள்ள மலை வெளிறித் தெரிவது போல, காற்றின் விளைவாகச் சிற்றுருவமும் வெளிறித்தான் தெரிய வேண்டும், அதற்காகவே வெளிறிய வண்ணம்” என்று இத்துறையில் சிலர் கூறுவதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கிலோ மீட்டர் வரை தெரியக்கூடிய தெளிந்த காற்றில், 60 மீட்டர் தொலைவுக்கு ஒளி வேறுபாடு ஏறத்தாழ 1 சதவீதம்தான் குறையும். யாருக்கும் அது புலப்படாது. 700 மடங்கு சுருக்கிய கப்பல் மாதிரியை 3 மீட்டருக்கு அப்பால் வைத்தால், அது 2 கிலோ மீட்டருக்கு அப்பாலுள்ள கப்பலுக்கு ஈடு. அங்கே இந்த வாதம் செல்லும். நம் வீரனுக்குச் செல்லாது. முடிவு சரியாக இருந்தாலும் காரணம் தவறாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சுருங்காத தண்ணீர்

சுருங்க மறுக்கும் அடுத்த பொருள் தண்ணீர்.

மடிப்புகளின் பள்ளத்தில் நிழல் சேர்க்க மற்றொரு வழி உண்டு. கருமையான வண்ணத்தில் நிறைய நீர் சேர்த்து உருவம் முழுவதும் தடவினால், அது மேடுகளை விட்டுப் பள்ளங்களில் போய்த் தங்கிக்கொள்கிறது. புவியீர்ப்பினால் அது ஏன் காலடிக்கு வழிந்து ஓடிவிடவில்லை? பரப்பு இழுவிசைதான் காரணம். 0.1 மி.மீ. வளைவு ஆரமுள்ள பள்ளத்தில் தண்ணீரின் வளைந்த பரப்பு உண்டாக்கும் அழுத்த வேறுபாடு சுமார் 720 பாஸ்கல். 28 மி.மீ. உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தமோ சுமார் 275 பாஸ்கல்தான். பரப்பு இழுவிசை வென்றுவிடுகிறது!

இதையே உண்மை மனிதனுக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளத்தின் ஆரம் 6 மி.மீ.; அழுத்த வேறுபாடு வெறும் 12 பாஸ்கல். 1.7 மீட்டர் நீர்த்தம்பத்தின் அழுத்தமோ 16,000 பாஸ்கலுக்கும் மேல். நம் சட்டை மடிப்பில் ஊற்றிய நீர் ஓடிவிடுவதும், பொம்மையின் மடிப்பில் ஊற்றிய நீர் தங்கிவிடுவதும் இதனால்தான். தண்ணீருக்கு நம் 60 மடங்கு கணக்கு தெரியாது. அதன் அறியாமையே நமக்குப் பயன்படுகிறது.

ஒரு தொல்லையும் உண்டு. சமதளமான இடத்தில் இந்த நீர் தேங்கினால், உலர்ந்தபின் விளிம்பில் கருவளையம் விழுகிறது. மேசையில் சிந்திய காப்பி உலரும்போது ஓரத்தில் கறை கோடாகப் படிகிறதே, அதே வளையம்தான். துளியின் விளிம்பு நகராமல் ஒட்டிக்கொள்கிறது. அங்கே நீர் விரைவாக ஆவியாகிறது. அதை ஈடு செய்ய நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடும்போது நிறத்துகள்களையும் இழுத்துச் செல்கிறது. அன்றாடம் கண்ட இந்தக் கறைக்கு சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல்தான் இந்த விளக்கத்தைத் தந்தார்கள் என்றால் வியப்பாக இல்லையா? தேங்கிய நீரை ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிடுவதே இதற்கு எளிய பரிகாரம்.

தூரிகையும் உதடும்

தூரிகையின் மயிர்கள் ஈரமானவுடன் ஒன்றுசேர்ந்து கூர்மையாவதும் பரப்பு இழுவிசையால்தான். முனை பிரிந்துவிட்டால் அதை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

1910-களின் இறுதியிலும் 1920-களிலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் பலர், இருளில் ஒளிரும் ரேடிய வண்ணத்தைக் கடிகார முகப்புகளில் தீட்டினார்கள். தூரிகையை உதட்டில் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்டிருந்தது. கால்சியத்தை ஒத்த ரேடியம் அவர்கள் எலும்புகளில் போய்த் தங்கியது. தாடை எலும்பு அரித்தும் புற்றுநோய் கண்டும் பலர் உயிரிழந்தனர். இன்று கடையில் கிடைக்கும் வண்ணத்தில் ரேடியம் இல்லை. ஆயினும் வண்ணத் துகள் எதுவும் உணவன்று. பழைய உலோக உருவங்களில் காரீயமும் இருக்கக்கூடும். தூரிகையின் முனையை ஈரத் துணியில் உருட்டிக் கூராக்குங்கள். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

வெளிநாட்டுப் பொம்மை எதுவும் தேவையில்லை. களிமண்ணால் 3 செ.மீ. உயரத்தில் ஒரே மாதிரியான இரண்டு வீரர்களைச் செய்து உலரவிடுங்கள். மேலங்கியில் ஈர்க்குச்சியால் மடிப்புகளைக் கீறிக்கொள்ளுங்கள்.

முதல் வீரனுக்குக் கரு நீலப் போஸ்டர் வண்ணத்தை ஒரே சீராகப் பூசுங்கள். இரண்டாவது வீரனுக்கு முதலில் கறுப்பு பூசி உலரவிடுங்கள். பழைய பல்துலக்கியை வெள்ளை வண்ணத்தில் தோய்த்து, தலைக்கு மேலிருந்து விரலால் சுண்டித் தூவுங்கள். உலர்ந்தபின், நீர் கலந்த வெளிர் நீலத்தை மெல்லியதாக ஒரே ஒரு முறை தடவுங்கள். போஸ்டர் வண்ணம் மீண்டும் நீரில் கரையுமாதலால் தேய்க்கக் கூடாது. இரண்டையும் குழல் விளக்கின் கீழ் வைத்து, 1 மீட்டர் தள்ளி நின்று, “எவன் வெயிலில் நிற்கிறான்?” என்று வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். பிறகு இருவரையும் வாசலுக்கு எடுத்துச் சென்று உண்மையான வெயிலில் வைத்துப் பாருங்கள். முதல் வீரனிடம் ஏற்படும் மாற்றத்தைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நானும் என் நான்கு கரிக்கட்டைகளை விட்டுவிடவில்லை. வண்ணத்தைக் களைந்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். இம்முறை துணியை எடுத்து வைத்துப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்று, பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பூசினேன். துணியின் நிறத்தோடு ஒப்பிட்டால் அந்த நீலம் பொய்தான். ஆனால் அடுத்த முறை வந்த வேதியியல் நண்பர் அலமாரியின் முன் நின்று, “அட, மஸ்கெட்டியர்கள்! அந்த நாலாவது ஆள்தானே தார்த்தன்யான்?” என்றார்.